உதிரும் சவ்விலிருந்து ஒரு தடுப்பூசி

காலராக் கிருமி தன் மேலுறையின் துணுக்குகளைத் தானே வெளியே தள்ளுகிறது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியே கண்டு, 1967-ஆம் ஆண்டில் கொல்கத்தாவின் எஸ். என். சாட்டர்ஜி, ஜே. தாஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெருகி வளர்ந்துகொண்டிருக்கும் கிருமியின் வெளிச்சவ்வு சிற்சில இடங்களில் புடைத்து, புடைப்பு முற்றியதும் அதன் அடி இறுகிக் கழன்று, உருண்டையான நுண்குமிழாகப் பிரிந்து செல்வதை அவர்கள் எடுத்த படங்கள் காட்டின. லைசின் என்னும் அமினோ அமிலம் போதாமல் நலிந்த ஈ.கோலை பாக்டீரியா, கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த பொருளொன்றை வெளியே விடுவதைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் அதற்குச் சற்று முன்னரே பதிவு செய்திருந்தனர். எனினும், நலிந்த கிருமி மட்டுமன்றி நன்கு வளரும் கிருமியும் இதைச் செய்கிறது என்பதைக் காட்டிய முன்னோடி ஆய்வுகளுள் கொல்கத்தா ஆய்வுக்கு உரிய இடம் உண்டு. நெடுங்காலம் ஆய்வுக்கூடக் கசடாகவே எண்ணப்பட்ட அக்குமிழ்கள் இன்று மரபணு மாற்றத்தின் துணையால் வேண்டிய வடிவுக்குக் கொண்டுவரப்பட்டு, தடுப்பூசியாகவும் மருந்தைச் சுமந்து செல்லும் கலமாகவும் ஆக்கப்படுகின்றன.

இவ்வாய்வு கொல்கத்தாவில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. காலராக் கிருமியை வளர்த்து, கிருமிகளை முழுவதுமாக வடிகட்டி நீக்கியபின் எஞ்சும் நீர்மமே முயலின் குடலில் நீரைப் பெருக்கெடுக்கச் செய்கிறது என்று அதே நகரின் சம்புநாத் டே 1959-இல் மெய்ப்பித்திருந்தார். நோயை உண்டாக்குவது கிருமியின் உடல் அன்று, அது வெளியே விடும் நச்சே என்பது அன்றைய மருத்துவ உலகுக்குப் புதிய செய்தி. கிருமியிலிருந்து வெளியேறுவது என்ன என்ற அவருடைய கேள்விக்கு, எட்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த சவ்வுக்குமிழ்களின் படங்கள் எதிர்பாராத ஒரு துணைவிடையாக அமைந்தன. அந்நச்சின் ஒரு பகுதி இக்குமிழ்களில் ஏறியே குடல் செல்களுக்குள் புகுகிறது என்பதைக் கொல்கத்தாவின் இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2011-இல் காட்டியபோது இரண்டு இழைகளும் ஒன்று சேர்ந்தன.

குமிழ் எவ்வாறு உருவாகிறது என்பதை அறியக் கிருமியின் மேலுறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பாக்டீரியாக்களைக் கிராம் என்னும் சாயமேற்றும் முறையைக் கொண்டு இரு பெரும் பிரிவுகளாகப் பிரிப்பது வழக்கம். அவற்றுள் கிராம்-நெகட்டிவ் எனப்படும் பிரிவைச் சேர்ந்த காலரா, டைஃபாய்டு, சீதபேதிக் கிருமிகளுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. அவற்றுக்கு இடையே பெப்டிடோகிளைக்கான் என்னும் மெல்லிய, ஆனால் உறுதியான வலைச்சுவர் அமைந்திருக்கிறது. வெளிச்சவ்வு இவ்வலையை விட்டு நழுவாதபடி சில புரதங்கள் அதை உள்ளிருந்து பிடித்து வைத்திருக்கின்றன. இந்தப் பிடி ஓரிடத்தில் தளரும்போதும், சரியாக மடியாத புரதங்கள் அடியில் குவிந்து அழுத்தும்போதும் வெளிச்சவ்வு அங்கே புடைத்துக் கழன்றுவிடுகிறது. அவ்வாறு கழன்ற குமிழின் குறுக்களவு ஏறத்தாழ 20 முதல் 250 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர் என்பதால், சாதாரண நுண்ணோக்கிக்கு இக்குமிழ்கள் அகப்படுவதில்லை. கிருமியின் மேற்பரப்பில் உள்ள புரதங்களும் சர்க்கரைச் சங்கிலிகளும் அப்படியே குமிழின் மேலும் இருக்கின்றன. ஆனால் பிரிந்து பெருகும் ஆற்றல் அதற்கு அறவே இல்லை. மருத்துவப் பயன்கள் யாவும் இந்த ஒரு முரணிலிருந்தே பிறக்கின்றன: முகம் கிருமியின் முகம், உயிரோ இல்லை.

கிருமிகள் இக்குமிழ்களை ஏன் உதிர்க்கின்றன என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. பழுதான புரதங்களை வெளியேற்றவும், நச்சுகளைத் தொலைவுக்கு அனுப்பவும், தம்மைத் தாக்க வரும் வைரஸ்களையும் ஆன்டிபயாட்டிக் மூலக்கூறுகளையும் வழியிலேயே ஏமாற்றிப் பிடிக்கவும், மரபணுத் துண்டுகளைப் பிற கிருமிகளுக்குக் கைமாற்றவும் அவை பயன்படுகின்றன. பாக்டீரியாக் கூட்டம் பசைபோன்ற படலமாகப் படியும் இடமெல்லாம் இக்குமிழ்களும் காணப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் உபரிநீர் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து கிளியூர்ப் பள்ளத்தாக்கில் அருவியாக விழுகிறது. அந்த அருவிக்கு இறங்குவோர் கால் வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பாறைகளின் மீது பாசியோடு சேர்ந்து படிந்திருப்பதும் இத்தகைய படலமே. எனவே சவ்வுக்குமிழ் ஆய்வுக்கூடத்தின் படைப்பு அன்று. ஓடைநீரிலும் மண்ணிலும் கடலிலும் மனிதக் குடலிலும் ஓயாமல் உண்டாகிக்கொண்டிருக்கும் இயற்கைப் பொருள். இரு சவ்வுகள் இல்லாத கிராம்-பாசிட்டிவ் கிருமிகளும் இவ்வகைக் குமிழ்களை விடுகின்றன என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு ஒரு கிருமியை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ள அக்கிருமிக்கே உரிய புரதமோ சர்க்கரையோ வேண்டும். அதனை ஆன்டிஜென் என்பர். ஆனால் தூய்மைப்படுத்திய ஒற்றைப் புரதத்தை மட்டும் ஊசி வழியே செலுத்தினால் உடல் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை என்பதால், எதிர்ப்பைத் தூண்டிவிடும் துணைப்பொருள் ஒன்றையும் கலக்க வேண்டியுள்ளது. சவ்வுக்குமிழில் இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன: ஆன்டிஜென்கள் தத்தம் இயல்பான மடிப்புக் குலையாமல் சவ்வில் பதிந்திருக்கின்றன, வெளிச்சவ்வின் லிப்போபாலிசாக்கரைடு என்னும் கொழுப்புச் சர்க்கரையோ மிகக் கடுமையான தூண்டுபொருள். இந்தக் கடுமையே இதன் இடர்ப்பாடும் ஆகும். இக்கொழுப்புச் சர்க்கரை உள்நச்சு என்று அழைக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. இரத்தத்தில் அளவு மீறினால் காய்ச்சலில் தொடங்கி இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிரே போகும் நிலை வரை கொண்டுசெல்லக்கூடியது அது.

இக்குமிழ்களிலிருந்து மனிதருக்குப் பயன்பட்ட முதல் தடுப்பூசிகள் மூளைக்காய்ச்சல் வகைகளுள் ஒன்றை எதிர்த்துப் பிறந்தன. மெனிங்கோகாக்கஸ் கிருமியின் பிற வகைகளுக்கு அவற்றின் மேற்பூச்சான சர்க்கரையைக் கொண்டே தடுப்பூசி செய்ய முடிந்தபோதிலும், 'பி' வகையின் சர்க்கரை மனித நரம்புச் செல்களின் மீதுள்ள சர்க்கரையை ஒத்திருந்ததால் உடல் அதைத் தன்னுடையதாகவே கருதி எதிர்க்காமல் விட்டது. ஆகவே கியூபாவின் ஃபின்லே நிறுவனமும் நார்வே அரசின் ஆய்வாளர்களும் 1980-களில் சர்க்கரையை விடுத்துச் சவ்வுக்குமிழைக் கையிலெடுத்தனர். கியூபாவின் சோதனையில் 83 சதவீதமும் நார்வேயில் 57 சதவீதமும் பாதுகாப்புக் கிடைத்தது. பிரேசிலிலோ அதே கியூபத் தடுப்பூசி சிறு குழந்தைகளிடம் போதிய பயன் தரவில்லை. குமிழின் மீது மிகுந்து காணப்படும் ஒரு புரதத்தையே உடல் முதன்மையாகக் குறிவைக்கிறது என்பதும், அப்புரதம் ஊருக்கு ஊர் மாறுபடும் என்பதும் இதற்குக் காரணங்களாயின. 1991-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீடித்த கொள்ளைநோயை எதிர்கொண்ட நியூசிலாந்து, தன் நாட்டில் பரவிய கிருமியிலிருந்தே குமிழெடுத்துத் தடுப்பூசி செய்வித்து, 2004 முதல் 20 வயதுக்கு உட்பட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வழங்கியது. அக்குமிழோடு மேலும் மூன்று புரதங்களைச் சேர்த்து உருவான பெக்ஸெரோ தடுப்பூசிக்கு 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி வழங்கியது. 2015 முதல் பிரிட்டன் அதைத் தன் குழந்தைகள் அனைவருக்கும் போட்டுவருகிறது.

இதன் பின்விளைவாக வந்த செய்தி எவரும் திட்டமிடாதது. நியூசிலாந்துத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர்களிடையே, அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு கிருமியால் வரும் கொனோரியா என்னும் பால்வினை நோய் ஏறத்தாழ 31 சதவீதம் குறைந்திருந்தது என 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. நூறாண்டு முயற்சியிலும் தடுப்பூசி கிட்டாத நோய் அது. 2025 ஆகஸ்டு முதல் இங்கிலாந்து, ஆபத்து மிகுந்தவர்களுக்கு இந்நோய்க்கெனவே மேற்கண்ட பெக்ஸெரோ தடுப்பூசியை வழங்கத் தொடங்கியது. தனிப் புரதத்தை விட்டு முழுச் சவ்வையும் எடுத்துக்கொண்டதால் வந்த ஆதாயம் என்று இதைக் கொள்ளலாம்.

முன்னைய தடுப்பூசிகளில் உள்நச்சின் பெரும்பகுதி சோப்பு போன்ற கரைப்பானால் கழுவி அகற்றப்பட்டது. கழுவும்போது நச்சோடு பயனுள்ள புரதங்களும் போய்விடும். சவ்வின் இயல்பும் குலையும். மரபணுப் பொறியியல் இந்த இடத்தில்தான் உள்ளே நுழைகிறது. பொறியியல் என்றதும் புதிதாக எதையோ பொருத்துவது நினைவுக்கு வரலாம். இத்துறையிலோ முதன்மையான வேலை நீக்குவதே. உள்நச்சின் கொழுப்புப் பகுதியில் உள்ள ஆறு கொழுப்பமிலச் சங்கிலிகளுள் ஒன்றை ஒட்டும் நொதியின் மரபணுவை அகற்றிவிட்டால் ஐந்து சங்கிலிகளே எஞ்சுகின்றன. மனித உடலின் எச்சரிக்கை மணி அந்த ஐந்துக்கு மிக மெல்லவே ஒலிக்கிறது. வெளிச்சவ்வை உள்ளிருந்து பிடித்து வைத்திருக்கும் டால் என்னும் புரதக் குழுவில் ஒன்றை நீக்கினால் சவ்வு எங்கும் தளர்ந்து, கிருமி சாகாமலேயே குமிழ்களை மிகுதியாக உதிர்க்கிறது. நச்சை உண்டாக்கும் மரபணுவையும் எடுத்துவிட்டால் குமிழில் அதுவும் இராது.

சேர்க்கும் வேலையும் உண்டு. இரத்தச் சிவப்பணுக்களைத் துளைக்கும் கிளைஏ என்னும் பாக்டீரியப் புரதம் இயல்பாகவே குமிழ்களில் சென்று சேர்வதால், வேண்டிய வேறு புரதத்தை அதன் வாலில் இணைத்துவிட்டால் அதுவும் குமிழின் மேற்பரப்பில் வந்து நிற்கும் என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2008-இல் காட்டினர். இவ்வழியே ஒரு நோயின் கிருமியைக் கொண்டு இன்னொரு நோயின் ஆன்டிஜெனை ஏந்திய குமிழை வளர்க்க முடிகிறது.

இவ்வளவும் இந்தியாவுக்கு எங்கே பொருந்துகிறது என்று கேட்டால், சீதபேதியில் என்பதே நேரான விடை. ஜப்பானின் கியோஷி ஷிகா 1897-இல் கண்டறிந்த ஷிகெல்லா கிருமி நூறுக்கும் குறைவான எண்ணிக்கையில் வயிற்றுக்குள் போனாலே போதும். பெருங்குடலின் உட்பரப்பைப் புண்ணாக்கி, வயிற்றுக்கடுப்போடு சளியும் இரத்தமும் கலந்த பேதியை உண்டாக்கிவிடும். 1984-இல் மேற்கு வங்கத்தைத் தாக்கிய இரத்தபேதிக் கொள்ளைநோயில் அன்று வழக்கிலிருந்த பல மருந்துகள் பலிக்கவில்லை. மாற்றாக வந்த மருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப் போயின. கொல்கத்தாவும் ஒரு களமாக இருந்து, 2013-இல் முடிவு வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, ஏழை நாடுகளின் குழந்தைகளை வாட்டும் கடும் வயிற்றுப்போக்கின் முதன்மையான நான்கு காரணிகளுள் ஷிகெல்லாவையும் வைத்தது. ஆனால் இக்கிருமியில் நான்கு இனங்களும் அவற்றுக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட உள்வகைகளும் இருப்பதால், ஒன்றுக்குச் செய்த தடுப்பூசி மற்றொன்றைத் தடுப்பதில்லை.

கொல்கத்தாவின் தேசிய காலரா மற்றும் குடல்நோய்கள் நிறுவனத்தில் ஹேமந்த கோலே தலைமையிலான குழு இதற்குச் சவ்வுக்குமிழைக் கொண்டு விடை தேடியது. 2010-இல் காலராக் கிருமியின் குமிழ்களை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்த இக்குழு, 2012-இல் ஷிகெல்லா பாய்டியின் குமிழ்களைப் பெண் எலிகளுக்கு வாய்வழியே நான்கு தவணை கொடுத்தது. சுண்டெலிகளுக்கு இயற்கையில் சீதபேதி வருவதில்லை என்பதால், தடுப்பு மருந்து பெற்ற தாய்க்குப் பிறந்த குட்டிகளுக்குக் கிருமியைக் கொடுத்துச் சோதிப்பது இவ்வாய்வில் கையாளப்பட்ட வழி. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் குட்டிகளைக் காத்தன. துணைப்பொருள் எதையும் சேர்க்காமலே இது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்த ஆண்டிலேயே ஆறு ஷிகெல்லா வகைகளின் குமிழ்களை ஒன்றாகக் கலந்த பல்வகைக் கலவையும் எலிக்குட்டிகளிடம் பயன் தந்தது. அவற்றுள் மிகக் கொடியதான ஷிகெல்லா டிசென்டிரியே முதல் வகையில் ஷிகா நச்சின் மரபணு முன்னதாகவே நீக்கப்பட்டிருந்தது. குமிழின் விளைச்சல் குறைவு என்னும் குறையைப் போக்க டால்-ஏ மரபணுவைச் சிதைத்த கிருமியைப் பயன்படுத்தி, குறைந்த செலவில் தடுப்பூசி தயாரிக்கும் வழியை இதே குழு 2016-இல் வெளியிட்டது. டைஃபாய்டையும் பாராடைஃபாய்டையும் ஒருசேரத் தடுக்கும் இருவகைக் குமிழ்க் கலவை 2018-இல் வந்தது. இன்று வழங்கப்படும் டைஃபாய்டு தடுப்பூசிகள் பாராடைஃபாய்டைத் தடுப்பதில்லை என்பதை நினைத்தால் அம்முயற்சியின் அருமை புரியும்.

ஆய்வுக்கூடத்தில் குமிழெடுக்கும் முறை எளியது. கிருமியைக் குழம்பில் வளர்த்து, சுழற்சி எந்திரத்தில் சுழற்றிக் கிருமிகளை அடியில் படியவைத்து, மேலே நிற்கும் தெளிவை 0.22 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியில் செலுத்தி, மிகுவேகச் சுழற்சியால் குமிழ்களைத் திரட்டுவதே அது. தொழிற்சாலையில் மிகுவேகச் சுழற்சிக்கு மாற்றாக வடிகட்டிகளை மட்டுமே கொண்டு இதை முடிக்கலாம். புரதத்தைத் தனியே பிரித்துச் சர்க்கரையைத் தனியே ஒட்டும் முறைகளோடு ஒப்பிட்டால் படிகள் குறைவு. ஏழை நாடுகளின் தடுப்பூசியாகக் குமிழைக் கருதுவோர் முன்வைக்கும் வலுவான வாதம் இதுவே.

எலியில் வென்றது மனிதரிலும் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. இத்தாலியின் சியேனாவில் உள்ள தடுப்பூசி ஆய்வு நிறுவனம், டால்-ஆர் மரபணுவை நீக்கி உள்நச்சையும் தணித்த ஷிகெல்லா சொன்னையின் குமிழ்களைத் தடுப்பூசியாக்கி ஐரோப்பாவிலும் கென்யாவிலும் மனிதரிடம் சோதித்தது. பாதுகாப்பில் குறை காணப்படவில்லை, எதிர்ப்பொருள்களும் உண்டாயின. ஆயினும் தடுப்பூசி பெற்ற தன்னார்வலர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் கிருமியையே குடிக்கக் கொடுத்து அமெரிக்காவில் நடந்த சோதனையில், தடுப்பூசி அவர்களைக் காக்கத் தவறியது என 2021-இல் முடிவு வெளியானது. குமிழின் மீது உடல் முதன்மையாகக் குறிவைக்க வேண்டிய சர்க்கரைச் சங்கிலி அத்தடுப்பூசியில் போதிய அளவு இல்லை என்று கருதிய ஆய்வாளர்கள், அதன் அளவைக் கூட்டி, ஷிகெல்லா ஃபிளெக்ஸ்னெரியின் மூன்று வகைகளையும் சேர்த்து நான்கு கூறுகளுள்ள புதிய தடுப்பூசியை வடிவமைத்தனர். இத்தோல்வியை மறைக்காமல் வெளியிட்டதே துறைக்குச் செய்த நன்மை என்று சொல்ல வேண்டும். நல்ல முடிவுகள் மட்டுமே அச்சேறும் ஆய்வுலகில் அது அரிது.

புற்றுநோயைப் பற்றிய செய்திகளை இன்னும் நிதானத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது. கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுங்கற்று ஓட்டை உடையவையாக இருப்பதால் குமிழ்கள் அங்கே கசிந்து தங்குகின்றன. உள்நச்சு தணிக்கப்பட்ட குமிழ்களை எலிகளுக்குச் செலுத்தியபோது இன்டர்ஃபெரான்-காமா என்னும் தூண்டுபுரதம் சுரந்து கட்டிகள் கரைந்ததைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டனர். மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் மீது மிகுந்து காணப்படும் ஹெர்-2 புரதத்தைப் பற்றிக்கொள்ளும் குமிழில் மரபணுவை அடக்கும் மருந்தை ஏற்றி அனுப்பும் முயற்சியும் எலிகளிடம் பயன் தந்தது. இவை அழகான சோதனைகள். ஆனால் இரத்தத்தில் நேரடியாகச் செலுத்தும் அளவுக்கு மனிதருக்குப் பாதுகாப்பானவை என்பது நிறுவப்படும் வரை இவற்றைச் சிகிச்சை என்று விளம்பரப்படுத்துவது நோயாளிகளுக்குச் செய்யும் தீங்கு. ஒரே கிருமியிலிருந்து வரும் குமிழ்களும் அளவிலும் உள்ளடக்கத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதும், ஒவ்வொரு தொகுதியிலும் அந்த வேறுபாட்டைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வலியுறுத்தும் நிபந்தனைகள். ஆன்டிபயாட்டிக்கைச் சிதைக்கும் நொதிகளையும் மருந்தெதிர்ப்பு மரபணுக்களையும் குமிழ்கள் கிருமிக்குக் கிருமி கொண்டுசெல்லக் கூடும் என்பதால், எந்தக் கிருமியிலிருந்து குமிழ் எடுக்கப்படுகிறது என்பதும் கவனத்துக்குரியது.

நான்கு கூறுள்ள ஷிகெல்லா தடுப்பூசியை மேற்கொண்டு வளர்த்தெடுக்கும் பொறுப்பை 2025-இல் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம், அந்தச் சியேனா ஆய்வு நிறுவனத்தின் உரிமையாளரான ஜிஎஸ்கே நிறுவனத்திடமிருந்து ஏற்றுக்கொண்டது. கொல்கத்தாவில் பொதுப் பணத்தில் நடந்த ஆய்வுகளும் இதே நோயை, இதே குமிழை, இதே டால் புரதக் குழுவைத் தொட்டவை. அவை எலிக்கூண்டோடு நின்றுவிடாமல் மனிதச் சோதனை வரை செல்ல அரசின் ஆய்வு நிதி துணைநிற்பது நியாயம். எத்தடுப்பூசி முந்தினாலும், ஷிகெல்லா மிகுதியாகத் தாக்கும் ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான நம் குழந்தைகளிடம் அது என்ன செய்கிறது என்பதே அதன் மதிப்பை முடிவுசெய்யும்.

அதுவரை பழைய வழிகளே காப்பு. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் ஊற்றுநீரையும் ஓடைநீரையும் குடிப்போர், குறிப்பாக மழைக்காலத்தில், காய்ச்சிக் குடிப்பதும், கழிப்பறைக்குப் பின்னும் குழந்தைக்கு ஊட்டுமுன்னும் சோப்பால் கை கழுவுவதும் ஷிகெல்லாவை வெகுவாகத் தடுக்கும். குழந்தையின் மலத்தில் இரத்தம் தெரிந்தால் மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்கிக் கொடுக்காமல், உப்புச் சர்க்கரைக் கரைசலைப் புகட்டிக்கொண்டே அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.